நீரேற்று நிலையத்துக்கு மொழிபெயர்த்தவன்

எனக்கு ஒரு வெளிநாட்டு மொழி தெரியும். எந்த மொழி என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பவர்கள் அந்த நாட்டைப் பற்றியே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நடந்ததற்கும் அந்த நாட்டு மக்களுக்கும் எவ்வளவு தொடர்பு என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.

நாங்கள் தறிக்காரக் குடும்பம். எங்கள் பக்கம் ஆட்டோலூம் என்னும் தானியங்கித் தறிகள் வரத் தொடங்கிய காலத்தில், அவற்றை இறக்குமதி செய்த முதலாளி ஒருவர், இயந்திரம் செய்யும் தொழிற்சாலைக்கே என்னை வேலை பழக அனுப்பினார். போன இடத்தில் சில வருடங்கள் தங்கிவிட்டேன். மொழி ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்த பிறகு குமாரபாளையத்திலிருந்து ராசிபுரம் வரை எங்கே தறி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இயந்திரத்தின் சின்னத் திரையில் ஓடும் எழுத்தைப் படித்துச் சொல்ல எங்கள் பகுதியில் வேறு ஆள் கிடையாது. என் மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அந்த மொழியில் பத்து வரை எண்ணிக் காட்டுவாள். வந்தவர்கள் கைதட்டுவார்கள்.

எங்கள் ஊர் ஆற்றைவிட்டுத் தள்ளி, மேட்டு நிலத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் போர்வெல் தண்ணீர்தான். உப்பு, பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பிறகு ஜேடர்பாளையத்துக்குக் கீழே ஓரிடத்தில் நீரேற்று நிலையம் கட்டி, காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். அரசாங்கம் கட்டியது, நீண்ட கால ஒப்பந்தத்தில் ஒரு கம்பெனி நடத்தியது. என் மனைவியின் தம்பி, என் மச்சினன், அங்கே ஆபரேட்டராகச் சேர்ந்தான். மோட்டார் போடுவது, நிறுத்துவது, வடிகட்டியைக் கழுவுவது அவன் வேலை. ஊரே தன் கையால் தண்ணீர் குடிக்கிறது என்று கொஞ்சம் மிதப்பாகக்கூடப் பேசுவான். அந்த மிதப்பு எங்களுக்கும் இருந்தது.

ஒருநாள் நகராட்சிப் பொறியாளர் போன் செய்தார்.

"உங்களால ஒரு உதவி ஆகணும். நம்ம தண்ணி கம்பெனிய வெளிநாட்டுக்காரங்க வாங்கிட்டாங்களாம். இடம் பாக்க வர்றாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதாம். நீங்க பேசுவீங்கல்ல?"

எந்த நாடு என்று கேட்டேன். சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தறியைத் தவிர வேறு எதற்கும் அந்த மொழி பயன்பட்டதில்லை. துவைத்த சட்டை போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன்.

வந்தவர்கள் இரண்டு பேர். வயதான ஒருவர், துணித்தொப்பி போட்டவர். அவருடன் ஒரு பெண் பொறியாளர். நான் அவர்கள் மொழியில் வணக்கம் சொன்னதும் இருவர் முகமும் மலர்ந்தது. அவர்கள் ஊர் உணவைப் பற்றி, குளிரைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். பிறகு கேள்விகள். வெள்ளம் வந்தால் எதுவரை ஏறும்? மின்கம்பி எந்தப் பக்கமிருந்து வருகிறது, அது அறுந்தால் வேறு வழி உண்டா? பெரிய குழாய் எந்த வழியாக ஊருக்குப் போகிறது? சுற்றியிருக்கும் தோட்டங்கள் யாருடையவை, விலைக்கு வருமா? எல்லாவற்றுக்கும் நகராட்சிப் பொறியாளர் பதில் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. பட்டப்பகல். அக்கம்பக்கத்தவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நிலையத்தை ஒட்டி வாழைத்தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, என்னங்க கேக்கறாங்க?"

"உங்க தோட்டம் விலைக்கு வருமான்னு கேக்கறாங்க."

அவர் சிரித்துவிட்டார். "ஆத்தோரத்துத் தோட்டத்த எவனாச்சும் குடுப்பானுங்களா? செரி, தண்ணி நல்லாருக்குதான்னு கேட்டாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. அதை வேடிக்கைபோல அந்தப் பெண்ணிடம் சொன்னேன். தண்ணீரின் தர அறிக்கைகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன என்று அவர் பணிவாகச் சொன்னார். நியாயமான பதில்தான். கிளம்பும்போது எல்லோரையும் ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்கச் சொல்லி நகராட்சி ஊழியர் ஒருவர் படம் எடுத்தார். நடுவில் நான். அந்தப் படம் அன்றே ஊர் வாட்ஸ்அப்பில் வந்தது. கீழே நிறையக் கும்பிடு போட்டிருந்தார்கள்.

அதன் பிறகு நிலையத்துக்குள் மாற்றங்கள் வந்தன. கையால் மோட்டார் போடும் பழைய ஸ்டார்ட்டர்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் ஆளுயரத்தில் சாம்பல் நிறப் பேனல் ஒன்று வந்தது. மோட்டார் ஓடுவதும் நிற்பதும் கடல் தாண்டி ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் கையில் போனது. கூட வேலை பார்த்தவர்களை அனுப்பிவிட்டார்கள். மச்சினனை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

"இப்ப என்ன மாப்ள வேலை?" என்று கேட்டேன்.

"பச்சை லைட் எரிஞ்சா ஓடுதுங்க மாமா. செவப்பு எரிஞ்சா நின்னுருச்சு. நான் ஸ்டூலுல உக்காந்து அதப் பாத்துட்டு இருக்கறேன்" என்றான். பழைய மிதப்பு குரலில் இல்லை.

சுற்றியிருந்த நிலங்களும் கைமாறின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி பெயரில். எல்லாமே நம் நாட்டில் பதிவான பெயர்கள். வாங்கியதும் கம்பிவேலி, வேலிக்கு மேல் கேமரா. ஆற்றுக்குத் துணி துவைக்கவும் மாடு கழுவவும் போன தடம் வேலிக்குள் போய்விட்டது. வாழைத்தோட்டக்காரர் மட்டும் கொடுக்கவில்லை. ஆனால் மூன்று பக்கமும் வேலி வந்த பிறகு அவர் தோட்டத்துக்குள் வண்டி போக வழியில்லை. வாழைத்தாரை வெட்டினால் தலையில் சுமந்து சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

அவர் என்னைத் தேடி வந்தார். அவர்கள் மொழி தெரிந்தவன் என்பதால் அவர்களிடம் சொல்லி வழியைத் திறக்க வைத்துவிடுவேன் என்று நம்பினார். யாரிடம் சொல்வது? இருவரும் தாலுகா ஆபீஸுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்கார வைத்துப் பேசினார்.

"வாங்கினது சென்னையில பதிவான கம்பெனிங்க. அந்தக் கம்பெனிக்குச் சொந்தக்காரன் இன்னொரு கம்பெனி. அதுக்கு மேல இருக்கறது வெளிநாட்டுல ஒரு கம்பெனி. அதுக்கு மேல யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வழியில்ல."

"மேல யாருன்னே தெரியாதவங்களுக்கு எப்படிங்க பத்திரம் ஆச்சு?" என்றார் பெரியவர்.

"சட்டப்படி எல்லாம் சரியா இருக்குங்க."

நான் சொன்னேன்: "சார், அது வெறும் நிலம் இல்லைங்க. ஊரு குடிக்கற தண்ணி எடுக்கற எடம். சுத்தி யாரு இருக்காங்கன்னு தெரிய வேண்டாங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது. மேலிடத்துக்கு எழுதறேன். ஆனா இது எந்த டிபார்ட்மென்ட்டுக்கு வரும்னுதான் எனக்குப் பிடிபடல. ரெவின்யூவா, தண்ணியா, போலீஸா?"

வெளியே வந்து, பெரியவர் வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றார். அந்த வருடமே தோட்டத்தைக் கொடுத்துவிட்டு மோகனூர்ப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவரை நான் பிறகு பார்க்கவே இல்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் காலை சிவப்பு விளக்கு எரிந்தது. அது புதிதல்ல, கொஞ்ச நேரத்தில் தானாகப் பச்சையாகிவிடும். அன்று ஆகவில்லை. மச்சினன் கம்பெனியின் சென்னை எண்ணுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் சிவப்புதான். ஊரின் மேல்நிலைத் தொட்டிகள் காலியாயின.

நகராட்சியிலிருந்து துரத்தித் துரத்திக் கேட்டபோது ஒரு வக்கீல்தான் பேசினாராம். வெளிநாட்டில் கம்பெனி மறுபடியும் கைமாறிவிட்டது, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் வழக்கு நடக்கிறது, அது முடியும்வரை பேனலை யாரும் தொடக்கூடாது, தொட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகும் என்றாராம். அதைக் கேட்டதும் அதிகாரிகள் பேனல் பக்கமே போகவில்லை. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்தார்கள். ஆற்றில் அப்போது தண்ணீர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. குறையே தண்ணீரில் இல்லை.

நகராட்சிப் பொறியாளர் என்னை அழைத்துவரச் சொன்னார். நிலையத்துக்குப் போனபோது மச்சினன் சவரம் செய்யாத முகத்தோடு நின்றிருந்தான். முன்பு வந்த பெண் பொறியாளர் கொடுத்த எண் என்னிடம் இருந்தது. அதில் கூப்பிட்டேன். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். அங்கிருந்து வேறு எண், அதிலிருந்து வேறு எண். கடைசியில் கட்டுப்பாட்டு அறையில் ஓர் இளம்பெண் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். சுற்றிலும் எல்லோரும் நின்றார்கள்.

நிலையத்தின் எண்ணைச் சொன்னேன். தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"மன்னிக்க வேண்டும். உங்கள் நிலையம் என் திரையில் இல்லை. போன வாரம் எங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்."

"யாரிடம் கொடுத்திருக்கிறார்கள்?"

"அது எனக்குத் தெரியாது."

"இங்கேயே மோட்டாரைப் போட ஏதாவது குறியீடு இருக்குமே? அதைச் சொல்ல முடியுமா?"

"இருந்திருக்கும். இப்போது எங்களிடம் இல்லை." பிறகு அவளே கேட்டாள்: "அது என்ன நிலையம், ஐயா? இங்கே எண் மட்டும்தான் இருக்கும்."

"குடிதண்ணீர். ஒரு ஊருக்குக் குடிதண்ணீர்."

நகராட்சிப் பொறியாளர் பொறுமையிழந்து கத்தினார்: "ஊரே செத்துட்டு இருக்குன்னு சொல்லுங்க! இவங்க மனுசங்களான்னு கேளுங்க!"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அவளுக்குக் குரல் கேட்டிருக்கும். "அவர் கோபப்படுவது எனக்குப் புரிகிறது" என்றாள். "என்னை மன்னித்துவிடுங்கள். இந்த அறையையே இந்த மாதம் மூடுகிறார்கள். அதன் பிறகு நீங்கள் கூப்பிட்டால் எடுக்க நானும் இருக்கமாட்டேன்."

இதைத் தமிழில் சொன்னபோது யாரும் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. "இவ்வளவு நேரம் பேசிட்டு, இவ்வளவுதான் சொன்னாளா?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஊரில் தண்ணீருக்கு நாயாய் அலைந்தார்கள். டேங்கர் வந்தால் குடத்தோடு ஓட்டம். கல்குவாரிக் குட்டையிலிருந்து மொபெட்டில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டார்கள். பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் வர ஆரம்பித்தது. ஆற்றில் தண்ணீர் ஓடும் படங்களை யாரோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். பார்த்தவர்களுக்கு இரத்தம் கொதித்தது. கோபம் வரத்தான் செய்யும். ஆனால் யார்மேல்? கம்பெனிக்கு மேல் கம்பெனி, அதற்கு மேல் ஒரு கம்பெனி. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவன் என் மச்சினன் ஒருவன்தான்.

ஒரு மதியம் வேன்களிலும் பைக்குகளிலும் நிலையத்துக்குப் போனார்கள். அவன் வாயிற்கதவை அவனாகவே திறந்தான். உள்ளே வந்து பாருங்கள், பூட்டு என் கையில் இல்லை என்று காட்டத்தான் திறந்தேன் என்று பிறகு சொன்னான். உள்ளே வந்தவர்கள் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆறு. உள்ளே சும்மா கிடக்கும் மோட்டார்கள். பக்கத்தில் சம்பளம் வாங்கும் ஒருவன். "வெளிநாட்டுக்காரனுக்கு ஊர வித்தவன்" என்று யாரோ சொன்னதும் அடி விழத் தொடங்கியது.

நானும் என் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முகம் அடையாளம் தெரியவில்லை. இடது காதிலிருந்து இரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. செவிப்பறை கிழிந்துவிட்டது, கேட்கும் சக்தி திரும்புவது சந்தேகம் என்றார் டாக்டர். என் மனைவி அழவில்லை. முந்தானையை நனைத்து அவன் முகத்தைத் துடைக்கலாம் என்று குழாயைத் திறந்தாள். வரவில்லை. திறந்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். எங்கள் வாழ்க்கையில் நான் மறக்க நினைப்பது அந்த ஒரு நிமிடத்தைத்தான்.

"எங்கூடப் படிச்சவனுக இருந்தானுக மாமா" என்றான் அவன். "நம்ம வீதிப் பசங்க. பேர் சொல்லிக் கூப்ட்டேனுங்க. அப்பவும் நிறுத்தல."

அந்த அடிதடிக்குப் பிறகுதான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வெளியூரிலிருந்து வந்த பொறியாளர்கள் பேனலை உடைத்து, கம்பிகளை அறுத்து, வேறு ஸ்டார்ட்டர் வைத்து மோட்டாரைக் கிளப்பினார்கள். ஊரில் குழாய்கள் முதலில் காற்றைத் துப்பின, பிறகு செம்மண் கலங்கல், பிறகு தண்ணீர். எங்கள் வீதியில் பட்டாசு வெடித்தார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம்.

சில நாட்கள் கழித்து என்னைச் சேலத்துக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். விருந்தினர் மாளிகையில் ஓர் அறை. நாட்டின் பாதுகாப்பைப் பார்க்கும் பிரிவிலிருந்து இரண்டு அதிகாரிகள். மரியாதையாகத்தான் பேசினார்கள், காபி கொடுத்தார்கள். மேஜையில் ஆற்றங்கரையில் எடுத்த படம் பெரிதாக அச்சடித்து வைக்கப்பட்டிருந்தது. என்னைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டிருந்தார்கள்.

"அவங்க உங்களை எப்படிப் பிடிச்சாங்க?"

"அவங்க பிடிக்கலைங்க. நகராட்சியில கூப்பிட்டாங்க."

"என்னென்ன கேட்டாங்க?"

வெள்ளம், மின்கம்பி, குழாய் போகும் வழி, பக்கத்து நிலம். நினைவில் இருந்ததையெல்லாம் சொன்னேன். ஒருவர் எழுதிக்கொண்டார். எழுதுவதை நிறுத்திவிட்டு இன்னொருவரைப் பார்த்தார், அவர்தான் கேட்டார்.

"இதெல்லாம் கேக்கும்போது உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"ஊரு மொத்தமும் அங்கதான் நின்னுச்சுங்க. கம்பெனியவே அவங்களுக்கு வித்தாச்சு. நான் பேச்சத்தான் மாத்திச் சொன்னேன். யாருக்கும் ஒண்ணும் தோணலைங்க. விக்கறதுக்கு முன்னாடி சென்னையிலயும் டெல்லியிலயும் யாருக்காச்சும் தோணுச்சுங்களா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. களைத்தவர்போல இருந்தார். "அந்தக் கம்பெனிய நாங்க கேக்க முடியாது. அது இப்ப யாருதுன்னே எங்களுக்குத் தெரியல. உங்களைத்தான் கேக்க முடியும்" என்றார். அவ்வளவு நேர்மையாக அவர் பேசியது இன்னும் பயமாக இருந்தது. நாட்டின் பாதுகாப்பைப் பார்க்கிறவருக்கும் தாலுகா ஆபீஸ்காரருக்கும் என் மச்சினனுக்கும் ஒரே நிலைமை. எல்லோரும் ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், பாஸ்போர்ட்டையும். குற்றம் எதுவும் சாட்டவில்லை. குற்றம் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. ஊருக்கு அது போதுமாக இருந்தது. தறி நின்றால் இப்போது வேறு ஊரிலிருந்து ஆள் வரவழைக்கிறார்கள். வழியில் பார்த்தால், "வாரேங்க, சோலி இருக்குது" என்று நகர்ந்துவிடுகிறார்கள். என் மகள் கல்லூரியிலிருந்து வந்தவள் ஒருநாள், "அப்பா, போன்ல யார்கிட்டயாவது அந்த பாஷையில பேசறதா இருந்தா, ஊட்டுக்குள்ள பேசாதீங்கப்பா" என்றாள். நான் யாரோடும் பேசுவதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

என் மனைவி ஒரே ஒரு முறைதான் சொன்னாள், சோறு போட்டுக்கொண்டே. "அன்னைக்கு நீங்க ஆத்துக்குப் போவாம இருந்திருக்கலாமுங்க."

"நான் போகலைன்னா வேற ஆளு போயிருப்பான்."

"அப்ப வேற ஊட்டுக்காரங்க இப்படி உக்காந்திருப்பாங்க" என்றாள். நான் செய்தது தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அவள் சொன்னதும் தவறில்லை.

நிலையத்தை இப்போது வேறு ஒரு கம்பெனி நடத்துகிறது. புதிய பலகை, புதிய பேனல். அது யாருடையது என்று நகராட்சியில் கேட்டேன். நம்ம நாட்டுக் கம்பெனிதான் என்றார்கள். முன்னதும் நம் நாட்டில் பதிவானதுதான். சுற்றியிருக்கும் நிலங்கள் அதே வேலிக்குள் அப்படியே கிடக்கின்றன. யாரும் உழவில்லை, கட்டவில்லை, விற்கவும் இல்லை. வாழைத்தோட்டம் இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் ஆளுயரம் வளர்ந்துவிட்டது. கேமராக்கள் வேலை செய்கின்றனவா, செய்தால் யார் பார்க்கிறார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. தாலுகா அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். அவர் எழுதினாரா என்பதும் தெரியவில்லை.

மச்சினன் ஊரில் இருக்கவில்லை. போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் சமையல்காரனாகச் சேர்ந்து வடக்கே போய்விட்டான். வண்டி போகும் ஊரெல்லாம் அவனும் போகிறான். எப்போதாவது போன் செய்வான். வலது காதில் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவன் செவிடன்போலக் கத்திப் பேசுவான். ஆடி நோம்பிக்கு வாடா என்று அவன் அக்கா கெஞ்சினாள். வரமாட்டேன் என்றுவிட்டான். போனை நான் வாங்கினேன்.

"அங்க நம்மூர்ப் பசங்க யாராச்சும் இருக்காங்களாடா? பேச்சுத்துணைக்கு?"

"ஒருத்தன் இருக்கறானுங்க மாமா. அன்னைக்கு வந்தவந்தான். மத்தவனுக அடிக்கறப்ப என் கையப் பிடிச்சுட்டு நின்னவன்."

அவனே தொடர்ந்தான்.

"நாந்தான் அவனுக்கும் சோறு போடறேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கறதில்லீங்க."